கடல் நடுவே ஒரு தாகம்: பழைய படகு இயந்திரம் சூடேறுவது ஏன்?

நாற்புறமும் நீர் சூழ்ந்திருக்க, ஒரு மிடறு நீரின்றி வாடுவது கடலோடிகளுக்குப் புதிய செய்தியன்று. மனிதனுக்கு நேரும் இந்த இக்கட்டு இயந்திரத்துக்கும் நேர்வதுண்டு. வள்ளத்தின் பின்புறத்திலே பூட்டப்பட்டு, காலைக் கடலுக்குள் அமிழ்த்திக்கொண்டு ஓடும் வெளியிணைப்பு இயந்திரம், தன்னைக் குளிர்விக்க நீர் கிடையாமல் சூடேறித் திணறி நின்றுவிடுகின்றது. இந்த விந்தையான தாகம் ஏன் உண்டாகின்றது, அதைத் தீர்க்கும் வழி யாது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

வள்ளம் இல்லாத வீட்டாருக்கு இவ்வாராய்ச்சியால் என்ன பயன் என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் எழுவைதீவை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் தரைவழியே போய்விடலாம். பொன்னாலைப் பாலம் காரைநகரை இணைக்கின்றது. புங்குடுதீவுக்கும் வீதி உண்டு. ஆனால் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்னும் நான்குக்கும் கடலே வீதி. எழுவைதீவார் ஊர்காவற்றுறை இறங்குதுறையை நம்பி வாழ்பவர்கள். அரிசி மூட்டையும் சீமெந்துப் பையும் அவ்வழியே வரவேண்டும். கர்ப்பவதியும் காய்ச்சற்காரரும் அவ்வழியே போகவேண்டும். பயணிகள் படகு ஓயும் இரவு வேளையில், அயல்வீட்டு மீன்பிடி வள்ளமும் அதன் இயந்திரமுமே தீவாருக்குத் துணை. அந்த இயந்திரம் நடுக்கடலில் நின்றால், அது ஒருவருடைய தொழிலுக்கு நேர்ந்த நட்டம் மாத்திரமன்று. ஆதலால் அதன் நோயையும் மருந்தையும் ஊரார் எல்லோரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

பழைய இயந்திரத்தின் கதை

வள்ளத்தின் புறத்தே கழற்றிப் பூட்டக்கூடிய இயந்திரத்தைப் பலர் முயன்று பார்த்திருந்தபோதிலும், அதை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்றூட் என்பவர். 1877ஆம் ஆண்டில் நோர்வேயிலே பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவிற் குடியேறிய இவர், 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரிலிருந்து தம் இயந்திரத்தை விற்கத் தொடங்கினார். அதன் வலு ஒன்றரைக் குதிரைவலு மாத்திரமே. இலங்கையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கடற்றொழில் இயந்திரமயமாகத் தொடங்கியது. எழுவைதீவுக்கு எதிர்க்கரையான காரைநகரில், 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு சீநோர் நிறுவனம் தோன்றிப் படகுகளைக் கட்டியது. பாயும் தண்டும் கொண்டு ஓடிய கடலிலே இயந்திர ஒலி வழக்கமாயிற்று.

பின்னர் வந்த போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை, கடலுக்குத் தடை, இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு என்று பல இன்னல்கள் வந்தன. அக்காலத்தில் ஒரு சிறு உதிரிப்பாகம் கிடைப்பதே அருமை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மற்றோர் அடி விழுந்தது. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. புதிய இயந்திரம் வாங்கும் எண்ணம் பல வீடுகளில் கைவிடப்பட்டது. எவின்றூட் பெயரில் இயந்திரம் செய்வதையும் அதன் உரிமையாளர் 2020ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டனர். ஆகவே உள்ளதைப் பேணிக் காப்பதே விவேகம். பழைய ஈரடிப்பு இயந்திரத்துக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு: அதைத் திறக்கக் கணினி வேண்டியதில்லை, நாலு சாவியும் பொறுமையும் இருந்தால் போதும்.

வெப்பம் எங்கே போகின்றது?

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் உண்டாகும் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸைத் தாண்டும். சிலிண்டரையும் பிஸ்ரனையும் ஆக்கியிருக்கும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எரிபொருள் தரும் வெப்பத்தில் சிறு பங்கே வள்ளத்தைத் தள்ளுகின்றது. மிகுதியில் ஒரு பங்கு புகையோடு போகின்றது. மற்றொரு பங்கை நீரே சுமந்து சென்று கடலிற் சேர்க்க வேண்டும். மோட்டார் வண்டியில் உள்ளதுபோல இங்கே ரேடியேற்றர் இல்லை. கடலே ரேடியேற்றர்.

நீர் ஏறும் வழி மிக எளியது. இயந்திரத்தின் காலில், சுழல்விசிறிக்கு மேலே, சல்லடைபோன்ற சிறு வாய் ஒன்று இருக்கின்றது. அதன் வழியே புகும் நீரை, காலுக்குள் இருக்கும் பம்பு மேலே தள்ளுகின்றது. பம்பின் உயிர் இம்பெல்லர் எனப்படும் றப்பர்ச் சக்கரம். பூவிதழ்கள்போல மடல்கள் கொண்டது. அது சுழலும் அறை சற்றே ஒருபக்கம் தள்ளி அமைந்திருப்பதால், மடல்கள் ஒருபுறம் மடங்கியும் மறுபுறம் விரிந்தும் நீரை உறிஞ்சி வெளித்தள்ளுகின்றன. அந்நீர் ஒரு செப்புக் குழாய் வழியே தலைப்பகுதிக்கு ஏறி, சிலிண்டரைச் சூழ்ந்துள்ள அறைகளில் ஓடி, வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு கீழே இறங்குகின்றது. பல இயந்திரங்களில் தேர்மோஸ்ரற் என்னும் சிறு வாயிற்காவலன் ஒருவனும் உண்டு. இயந்திரம் அளவாகச் சூடாகும்வரை அவன் கதவைச் சாத்தி வைத்திருப்பான், சூடேறியதும் திறந்துவிடுவான்.

இந்த வழியில் வாய், பம்பு, குழாய், அறை, கதவு என ஐந்து இடங்கள் உள்ளன. சூடேறும் நோய் பெரும்பாலும் இவ்வைந்தில் ஒன்றிலேதான் இருக்கும்.

"தண்ணி துப்புதோ?"

கரையிலே இயந்திரத்தை இழுத்து இயக்கியதும் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி இதுதான். இயந்திரத்தின் பின்புறத்துச் சிறு துவாரத்திலிருந்து நூல்போல ஒரு தாரை பாய்ந்தால் மனம் ஆறுதலடையும். ஆனால் இந்தத் தாரையைப் பற்றி மூன்று உண்மைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அது ஓடும் நீர் முழுவதுமன்று. ஒரு சிறு கிளை மாத்திரமே. ஆகவே தாரை நின்றால் நீரோட்டம் முழுவதும் நின்றுவிட்டதென்று உடனே முடிவு கட்டலாகாது. துவாரத்தின் வாயில் உப்புப் படிந்திருக்கலாம். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். மெல்லிய நைலோன் நரம்பை உள்ளே செலுத்தி எடுத்தால் பாதி முறைப்பாடுகள் அங்கேயே தீர்ந்துபோம்.

இரண்டாவது, தாரை நன்றாகப் பாய்ந்தாலும் தலைப்பகுதி கொதித்துக்கொண்டிருக்கக்கூடும். சில மாதிரிகளில் அந்நீர் பம்பிலிருந்து நேரே வருவது. பம்பு வேலை செய்கின்றது என்பதற்கே அது சாட்சி. சிலிண்டர் குளிர்ந்திருக்கின்றது என்பதற்கன்று.

மூன்றாவது, 1950களில் வந்த மாதிரிகள் பலவற்றில் இத்தாரையே கிடையாது. காலின் பின்புறத்திலுள்ள துளைகளிலிருந்து புகையோடு கலந்து நீர்த்துளிகள் சிதறுவதே அங்கு அடையாளம். துளிகளுக்குப் பதிலாக வறண்ட ஆவி வந்தால் எச்சரிக்கை.

கண்ணைப் போலவே மூக்கும் காதும் நமக்கு உதவும். பூச்சு கருகும் வாடை, இயந்திர ஒலி படிப்படியாகத் தாழ்தல், கைவிசையைக் கூட்டியும் வேகம் ஏறாமை ஆகியவை சூட்டின் முன்னறிவிப்புகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்ரன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு செலவுக்குக் கணக்கில்லை.

வெளியிலிருந்து உள்ளே

வைத்தியர் நாடி பார்க்குமுன் வயிற்றைக் கீறுவதில்லை. இயந்திரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். காசில்லாத சோதனையை முதலிலும், காசு வேண்டிய சோதனையைப் பின்னும் செய்ய வேண்டும். நீர் போகும் வழியே நாமும் போவோமாக.

முதலில் வாய். தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிலே சாதாளை மிகுதி. இக்காலத்தில் பொலித்தீன் பைகளும் அதனோடு சேர்ந்துகொண்டன. ஒரு பை சல்லடையை மூடிக்கொண்டால் இயந்திரத்துக்கு மூச்சு நின்றுவிடும். இயந்திரத்தை நிறுத்தி, காலை உயர்த்திக் கையாற் களைந்துவிட்டால் நோய் தீர்ந்தது.

அடுத்தது பூட்டிய உயரம். சுழல்விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, வள்ளத்தின் அடிப்பலகையோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். மிக உயரப் பூட்டினால், அலையில் வள்ளம் எழும்போதெல்லாம் வாய் நீருக்கு வெளியே வந்து காற்றை உறிஞ்சும். சோளகக் காலத்துக் கொந்தளிப்பில் மாத்திரம் சூடேறுகின்ற இயந்திரத்தில் இக்குறையை முதலில் ஐயுற வேண்டும்.

மூன்றாவது இம்பெல்லர். இதைப் பார்க்கக் காலின் கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும். உப்பிலே பிடித்த ஆணிகளை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும். முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது. திறந்ததும் மடல்களைப் பாருங்கள். நீண்டகாலம் ஓடாமற் கிடந்தால், அவை மடங்கியபடியே விறைத்துப்போயிருக்கும். மணலிற் பட்டால் ஓரங்கள் தேய்ந்திருக்கும். ஒரு மடல் முறிந்திருந்தால், புதியதைப் போட்டுவிட்டு அமைதி கொள்ளலாகாது. முறிந்த துண்டு நீர்வழியிலே எங்கோ சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்கும்வரை வேலை முடியவில்லை. அறையின் சுவரிலும் அடித்தகட்டிலும் நகம் தடக்கும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆப்பு முறிந்திருக்கின்றதா என்பதையும் காண்க. ஆப்பு முறிந்தால் தண்டு சுழலும். சக்கரம் சும்மா இருக்கும்.

புதிய இம்பெல்லரைப் பூட்டும்போது சவர்க்கார நீரைத் தடவி, தண்டை அது சுழலும் திசையிலேயே திருப்பிக்கொண்டு அறைக்குள் இறக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் மடல்கள் மாறி மடங்கும்.

நான்காவது செப்புக் குழாய். அதன் கீழ்முனை பம்பின் மேலுள்ள றப்பர் வளையத்துக்குள் இறுக்கமாக அமர வேண்டும். காலைத் திரும்பப் பூட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடைபெறும் காரியம் இது. இதிலே பிசகு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு.

தீவுப்பகுதிக் கடற்றொழிலாளர் ஒருவருடைய பழைய இயந்திரம், புதிய இம்பெல்லர் போட்ட பின்னும் சூடேறியது. பட்டணத்துப் பட்டறையொன்றிலே தலையைத் திறந்து கஸ்கெற் மாற்றினார்கள். பிறகு தேர்மோஸ்ரற் மாற்றினார்கள். பணம் கரைந்தது, சூடு தணியவில்லை. அவருடைய தமையனார் முதியவர். அவர் ஒரு நாள் காலைக் கழற்றி, சிறிய கண்ணாடியொன்றை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, குழாய் வளையத்துக்குள்ள இறங்கேல்லை, பக்கத்தில நிக்குது" என்றார். மேலே ஏறவேண்டிய நீரிற் பெரும்பகுதி காலுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. வளையத்தில் சிறிது கிறீஸ் தடவிக் குழாயை நேரே இறக்கியதும் நோய் போயிற்று. செலவு ஒன்றுமில்லை. உள்ளே தேடிய குற்றம் வெளியே இருந்தது. பெரிய இடத்தில் தேடியது சிறிய இடத்தில் இருந்தது.

ஐந்தாவது, தேர்மோஸ்ரற். இதைச் சோதிக்க நம் அடுக்களையே போதும். ஒரு சட்டியில் நீர் வைத்து, தேர்மோஸ்ரற்றை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி ஒன்றையும் பிடித்துச் சூடாக்குங்கள். பல பழைய மாதிரிகளில் 50 பாகைக்கும் 65 பாகைக்கும் இடையில் அது திறந்துகொள்ளும். நீர் கொதித்த பின்னும் திறக்காததை எறிந்துவிட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பிறகும் சூடு தணியாவிடின், நீர் அறைகளில் உப்பும் சுண்ணமும் கட்டிபட்டிருக்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கின்றது. சூடான இயந்திரத்தை நிறுத்தியதும் உள்ளே தங்கிய நீர் வற்ற, உப்பு அங்கேயே படிகின்றது. கேத்திலின் அடியில் படிவது போன்றதே இது. நீர் கலந்த வினாகிரியை ஊற்றிச் சில மணிநேரம் வைத்து, நன்னீரால் அலசினால் சுண்ணப் படிவு இளகும். பிளக்கைக் கழற்றிப் பார்க்கையில் ஒன்று மாத்திரம் கழுவிவிட்டாற்போல் வெளுத்துப் பளபளத்தால், கஸ்கெற் வழியே நீர் கசிகின்றது என்று ஊகிக்கலாம். அப்போதே தலையைத் திறக்க வேண்டும்.

நீரைக் குற்றஞ்சாட்டி முடிவதற்குமுன் எரிபொருளையும் ஒரு கண் பார்க்க வேண்டும். ஈரடிப்பு இயந்திரத்தில் எரிபொருளோடு கலந்த எண்ணெயே மசகு. பழைய மாதிரிகள் சில 24 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் கேட்பவை. பின்வந்தவை பல 50 பங்குக்கு 1 பங்கு கேட்பவை. சிக்கனம் கருதிப் பழையதற்குப் புதியதன் அளவைக் கொடுத்தால் உராய்வினாலேயே அது சூடேறும். காபரேற்றரில் அடைப்பு ஏற்பட்டு எரிபொருள் குறைந்தாலும் அவ்வாறே.

செய்யத்தகாத மூன்று

முதலாவது, சூடேறிய இயந்திரத்தின் மேல் குளிர்நீரை ஊற்றுதல். ஒருபுறம் திடீரெனச் சுருங்கும் உலோகம் நெளியும், வெடிக்கவும் கூடும். நிழலும் நேரமுமே மருந்து.

இரண்டாவது, "ஒலியை மாத்திரம் கேட்போம்" என்று கரையிலே நீரின்றி இயக்கிப் பார்த்தல். இம்பெல்லருக்கு நீரே மசகு. நீரில்லாத சில கணங்களிலேயே மடல்கள் கருகிவிடும்.

மூன்றாவது, தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிச் சூடேறாது" என்று மகிழ்தல். இது நம்மவரிடையே காணப்படும் ஒரு வழக்கம். அளவுக்கு மீறிக் குளிர்ந்த இயந்திரத்தில் எரிபொருள் சரிவர எரியாது; பிளக்கில் கரி படியும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இது இருமடங்கு கேடு. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெற்றோலினும் அதிக வெப்பம் வேண்டும். குளிர்விப்பதன் நோக்கம் வெப்பத்தை ஒழிப்பதன்று, அளவோடு வைத்திருப்பதே.

நன்னீர் என்னும் செல்வம்

கடலிலிருந்து திரும்பியதும் இயந்திரத்தை நன்னீரில் ஓட்டிக் கழுவ வேண்டும் என்று எல்லாக் கைந்நூல்களும் கூறும். அந்நூல்களை எழுதியவர்கள் எழுவைதீவில் வசித்தவர்களல்லர். சுண்ணக்கல் நிலத்திலே, மழைநீர் கடல்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கியிருப்பதே தீவுகளின் கிணற்று நீர். மிகையாக இறைத்தால் உவர் மேலேறும். குடிக்கும் குடத்தைக் குறைத்து இயந்திரத்தைக் கழுவு என்று எந்தத் தாய்க்கும் நாம் சொல்லத் துணியோம்.

ஆனால் வழி இல்லாமலில்லை. இயந்திரம் கழுவுவதற்குக் குடிநீர் வேண்டியதில்லை. குடிக்க உதவாத உவர்க்கிணற்று நீரும் கடல்நீரினும் எத்தனையோ மடங்கு உப்புக் குறைந்தது; அது போதும். மாரியிலே கூரைநீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நன்று. 200 லீற்றர் பீப்பாவொன்றைப் பாதியாக வெட்டி, நீர்புகும் வாய் நன்கு அமிழும்வரை நிரப்பி, ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டலாம். இரண்டு மூன்று வள்ளக்காரர் கூடிக்கொண்டால், ஒரே பீப்பா நீரில் ஒருவர்பின் ஒருவராகக் கழுவலாம். நீர் உவர்த்ததும் மாற்றலாம். இதைக் கொட்டிலுக்குள் செய்யலாகாது, புகை நச்சுடையது. எண்ணெய் படர்ந்த அந்நீரைக் கிணற்றருகே ஊற்றவும் கூடாது. சுண்ணக்கல் நிலம் சல்லடைபோன்றது. இன்று ஊற்றியது நாளை குடத்திலே வரும்.

அதுவும் இயலாத நாளில், இயந்திரத்தை நிமிர்த்தி வைத்து உள்நீர் முழுவதும் வடியவிடுவதாவது வேண்டும். கரையை நெருங்கும்போது காலை உயர்த்திவிட்டு மரக்கோலால் ஊன்றி வருவது முன்னோர் வழக்கம். சேற்றையும் மணலையும் இயந்திரம் விழுங்காதிருக்க அதனினும் நல்ல உபாயம் இன்றும் இல்லை.

கடலிலே சூடேறினால்

இயந்திரத்தை உடனே நிறுத்துக. வள்ளம் அள்ளுண்டு போகாதபடி நங்கூரத்தைப் போடுக. காலை உயர்த்தி வாயையும் சுழல்விசிறியையும் துப்புரவாக்குக. கை பொறுக்கும் அளவுக்குத் தலைப்பகுதி ஆறும்வரை காத்திருக்க. பின்பு இயக்கி, அரை நிமிடத்துக்குள் நீர் வருகின்றதா என்று பார்த்து, வந்தால் மெதுவாகக் கரைசேர்க. வராவிடின் மறுபடி முயன்று இயந்திரத்தைக் கொல்ல வேண்டாம், தண்டை எடுத்துக்கொள்க.

ஒரு சிறு பெட்டியில் ஒரு இம்பெல்லர், அதன் ஆப்பு, இரண்டு பிளக், நைலோன் நரம்பு, குறடு, சாவிகள் ஆகியவற்றை வைத்து வள்ளத்தில் எப்போதும் கொண்டுசெல்வது பெரிய பாரமன்று. ஆண்டுக்கொருமுறை, இம்பெல்லர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது சிக்கனமே. உள்ளங்கையில் அடங்கும் அந்த றப்பர்ப் பூவின் விலையையும், நள்ளிரவில் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குப் புறப்படும் ஒரு வள்ளத்தின் சுமையையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பவர்கள், அந்த மாற்றத்தை மறுவாரத்துக்கென்று ஒத்திப்போட மாட்டார்கள்.